காளிகேசம் பக்கம் டிரங்கிங் சிக்னல் இல்லை: செட்டுக்குச் செட் டி.எம்.ஓ.வில் பேச என்ன செய்யணும்?

மலையோரம்_8

எல்லாருக்கும் வணக்கம். மின்கம்பிப் பாதைக்குக் கீழே கிளை வெட்டுகிற வேலை. ஆள் 8 பேர். டெட்ரா என்கிற டிஜிட்டல் ரேடியோ கை செட் 5 (410–430 மெகாஹெர்ட்ஸ் பேண்டு, 1 வாட்), ஜீப்பில் 10 வாட் மொபைல் செட் ஒன்று. நிறுவனத்தின் டிரங்கிங் நெட்வொர்க் (கோபுரம் வழியாகப் பேசுவது) நாகர்கோவிலிலிருந்து தடிக்காரன்கோணம் வரை சுத்தமாக எடுக்கிறது. கீரிப்பாறை தாண்டி காளிகேசம் ஆற்றுப் பக்கம் இறங்கினால் எல்லா செட்டிலும் 'நோ சர்வீஸ்'. மொபைல் போனும் அங்கே கிடைக்காது.

மெனுவில் டி.எம்.ஓ. (டைரக்ட் மோட், கோபுரம் இல்லாமல் செட்டுக்குச் செட் பேசுவது) என்று ஒன்று இருக்கிறது. அதற்கு மாற்றினால் 2 செட் மட்டும் ஒன்றோடொன்று பேசுகிறது. மற்ற 3-லும் சேனல் பிஸி என்று விளக்கு எரிகிறது, ஆனால் ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் இதே கதைதான்.

1) அந்த 3 செட்டுக்கு என்ன கோளாறு?
2) டி.எம்.ஓ.வில் எவ்வளவு தூரம் எதிர்பார்க்கலாம்? செட் கொடுத்தவர் 5 கிலோமீட்டர் என்றார்.
3) பள்ளத்திலிருந்து நாகர்கோவில் கண்ட்ரோல் ரூமோடு பேச வழி உண்டா?

---

தக்கலை_அலைவரிசை

முதல் கேள்விக்கு விடை உங்கள் வர்ணனையிலேயே இருக்கிறது. பக்கத்தில் வைத்தும் பிஸி காட்டுகிறது, சத்தம் வரவில்லை. அப்படியென்றால் அதிர்வெண் சரி, ரிசீவரும் சரி. செட் அலையைப் பார்க்கிறது, ஆனால் 'இது எனக்கு வந்த பேச்சு இல்லை' என்று ஒதுக்கிவிடுகிறது. அதற்கு மூன்று காரணம்தான் இருக்க முடியும்.

முதலாவது டாக்குரூப் (பேச்சுக் குழு) எண். டி.எம்.ஓ. சேனலுக்கென்று கோட்பிளக்கில் (செட்டுக்குள் ஏற்றுகிற அமைப்புக் கோப்பு) தனியாக ஒரு குரூப் எண் போட்டிருப்பார்கள். திரையில் தெரியும் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் எண் வேறாக இருக்கலாம். பெயரை நம்பாதீர்கள்.

இரண்டாவது நாட்டு எண்ணும் நெட்வொர்க் எண்ணும். டி.எம்.ஓ.வில் நெட்வொர்க்கே இல்லை, ஆனாலும் அழைப்போடு இந்த எண்கள் கூடவே போகும். வேறு இடத்திலிருந்து வாங்கிச் சேர்த்த செட் என்றால் இதைப் பாருங்கள்.

மூன்றாவது சாவி. என் சந்தேகம் முழுக்க இதன் மேல்தான். டிரங்கிங்கில் இருக்கும்போது செட்டை அடையாளம் பார்த்து, அந்த நேரத்துக்கு வேண்டிய குறியாக்கச் சாவியை நெட்வொர்க்கே ஏற்பாடு செய்துவிடும். டி.எம்.ஓ.வில் அந்த வேலைக்கு ஆள் இல்லை. அதனால் எஸ்.சி.கே. என்கிற நிலையான சாவியை முன்கூட்டியே செட்டுக்குள் ஏற்றி வைத்திருப்பார்கள். அதற்கு எண்ணும் உண்டு, பதிப்பும் உண்டு. நெட்வொர்க் வழியாகப் புதுப் பதிப்பு அனுப்பிய சமயத்தில் 3 செட் அலமாரியில் அணைந்து கிடந்தால், அவற்றில் பழைய பதிப்புதான் இருக்கும். டிரங்கிங்கில் போட்டால் ஒரு குறையும் தெரியாது, டி.எம்.ஓ.வுக்குப் போன பிறகுதான் ஊமையாகும்.

உறுதி செய்ய ஒரு வழி: 5 செட்டிலும் குறியாக்கம் இல்லாத டி.எம்.ஓ. சேனல் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஐந்தும் பேசினால் சந்தேகமே வேண்டாம், சாவிதான். கோட்பிளக்கைப் போட்டுக் கொடுப்பவரிடம் 'டி.எம்.ஓ. எஸ்.சி.கே. எண்ணும் பதிப்பும் ஐந்திலும் ஒன்றா?' என்று இதே வார்த்தையில் கேளுங்கள். 'செட் வேலை செய்யலை' என்று மட்டும் சொன்னால் ஆன்டெனாவை மாற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இன்னொன்று. பெரும்பாலான செட்டில் கவரேஜ் போனால் தானாக டி.எம்.ஓ.வுக்கு மாறாது, கையால்தான் மாற்றணும். மாற்றிய பிறகு கண்ட்ரோல் ரூம் கேட்காது, ஜி.பி.எஸ். இடம் அங்கே போகாது, சிவப்பு அவசர பட்டனை அமுக்கினாலும் பக்கத்தில் இருக்கிற செட்டுக்குத்தான் போகும். அந்த பட்டன் டி.எம்.ஓ.வில் எந்த குரூப்புக்குப் போகிறது, போகிறதா இல்லையா என்பதும் கோட்பிளக்கைப் பொறுத்தது. மலைக்குப் போவதற்கு முன்னால் ஆபீஸ் முற்றத்திலேயே ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள்.

---

அசம்பு_ஆன்டெனா

5 கிலோமீட்டர் கணக்கு கடற்கரையில் போட்டதாக இருக்கும். காளிகேசத்தில் அதைத் தேடாதீர்கள்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 1 வாட் என்பது 30 டி.பி.எம். (ஒரு மில்லிவாட்டை 0 என்று வைத்துச் சக்தியை டெசிபலில் சொல்வது). டெட்ரா கை செட், ஆள் நகர்ந்துகொண்டே இருந்தாலும் பேச்சைப் பிரித்தெடுக்க, தரத்தில் சொல்லியிருக்கும் அளவு −103 டி.பி.எம். ஆக, நடுவில் 133 டெசிபல் வரை இழக்கலாம். 412 மெகாஹெர்ட்ஸில் 2 கிலோமீட்டர் வெறும் காற்றில் போனாலே 91 போய்விடும். ரப்பர் தோட்டமோ காடோ நடுவில் 200 மீட்டர் வந்தால், மரத்தால் வரும் இழப்புக்கான வெயிஸ்பெர்கர் சூத்திரப்படி இன்னொரு 23. மொத்தம் 114. மிச்சம் 19 டெசிபல்தான். இரண்டு பேரும் செட்டை இடுப்பு பெல்ட்டில் தொங்கவிட்டு, தோளில் மைக் வைத்துப் பேசுகிறார்கள் என்று வையுங்கள். உடம்பு மறைப்பதில் ஒரு முனைக்கு 10 டெசிபல் என்றாலே 20 ஆச்சு. கதை முடிந்தது.

அதே இடத்தில் இருவரும் செட்டைக் கழற்றி முகத்துக்கு நேரே, ஆன்டெனா செங்குத்தாக நிற்கும்படி பிடித்தால் அந்த 20-ல் பெரும்பகுதி திரும்பி வரும். 1 வாட்டிலிருந்து 5 வாட்டுக்குப் போனால்கூட கிடைப்பது 7 டெசிபல்தான். பைசா செலவில்லாமல் கையைத் தூக்குவதில் அதைவிட அதிகம் கிடைக்கிறது. ஆட்களுக்கு இந்த ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுத்தாலே பாதிப் புகார் நிற்கும்.

மேலே போட்ட கணக்கில் மலை இல்லை. ஆறு வளைகிற இடத்தில் நடுவே ஒரு பாறை முகடு வந்தால், அலை அதன் உச்சியை உரசிக்கொண்டு போனாலே 6 டெசிபல் போகும். உச்சிக்குக் கீழே இருந்தால் 20, 30 என்று ஏறிக்கொண்டே போகும். தரை மட்டமாக இருந்தாலும் சங்கடம் உண்டு: 2 கிலோமீட்டர் பாதையின் நடுவில் இந்த அதிர்வெண்ணுக்கு ஃப்ரெனல் வட்டத்தின் (அலை நன்றாகப் போகத் தடையில்லாமல் இருக்க வேண்டிய வெளி) ஆரம் 19 மீட்டர். ஒன்றரை மீட்டர் உயரத்தில் நிற்கும் இரண்டு ஆளுக்கு நடுவே அந்த வட்டத்தின் கீழ்ப்பாதி முழுக்க மண்ணுக்குள்தான் கிடக்கும். கண்ணுக்கு ஆள் தெரிகிறது, ரேடியோவுக்குத் தெரியவில்லை என்பது இதனால்தான்.

மழை பெய்து இலை நனைந்திருந்தால் இழப்பு இன்னும் கூடும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஏப்ரலில் சோதித்த தூரத்தை நவம்பரில் நம்பி ஆளை உள்ளே அனுப்ப வேண்டாம். காளிகேசம் மாதிரி இடத்தில் மரத்துக்குள் 500 மீட்டர், ஆற்றுப்படுகை நேராக இருக்கும் இடத்தில் ஒரு கிலோமீட்டர் என்று திட்டம் போடுங்கள். அதற்கு மேல் கிடைத்தால் லாபம்.

---

குளச்சல்_வி.எச்.எஃப்

இதனால்தான் டிஜிட்டலே மலைக்கு ஆகாது என்கிறேன். சாதாரண அனலாக் வி.எச்.எஃப். 5 வாட் செட்டில் ஓரம் வரும்போது இரைச்சல் கூடும், ஆனால் பேச்சு காதில் விழும். டெட்ரா ஒரு அடி முன்னால் வரை பளிச்சென்று இருக்கும், அடுத்த அடியில் மொட்டையாக அறுந்துவிடும். வி.எச்.எஃப். மரத்துக்குள்ளும் நன்றாகப் போகும்.

---

அசம்பு_ஆன்டெனா

மரத்துக்குள் நன்றாகப் போகும் என்பது உண்மை, ஆனால் எவ்வளவு? அதே 200 மீட்டர் மரத்துக்கு 160 மெகாஹெர்ட்ஸில் 18 டெசிபல், 400-ல் 23. வித்தியாசம் 5 டெசிபல்தான். அனலாக் ரிசீவர் கால் மைக்ரோவோல்ட்டில், அதாவது −119 டி.பி.எம்.-ல் வேலை செய்கிறது, அது நிற்கிற இடத்தில் அளந்தது என்றாலும் பெரிய சாதகம், மறுக்கவில்லை. ஆனால் அவரிடம் டெட்ரா செட்தான் இருக்கிறது. வி.எச்.எஃப்.-க்கு மாற அதிர்வெண் ஒதுக்கீடும் லைசென்ஸும் புதிதாக வேண்டும். இருக்கிறதை வைத்து ஓட்டுவதற்குத்தானே கேட்கிறார்.

ஓரத்தில் அறுகிற விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான். டெட்ராவில் இரைச்சல் வந்து எச்சரிக்காது. அதனால் ஆட்கள் நடந்துகொண்டே பேசக்கூடாது. பேச்சு தெளிவாக வந்த இடத்தில் நின்று பேசணும். அறுந்தால் நாலு எட்டு பின்னால் வந்து அதே இடத்தில் நிற்கணும். 400 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 75 சென்டிமீட்டர், சில சமயம் அரை எட்டு நகர்ந்தாலே குழியிலிருந்து மேட்டுக்கு வந்துவிடலாம்.

---

மலையோரம்_8

குறியாக்கம் இல்லாத சேனலில் போட்டுப் பார்த்தேன், ஐந்தும் பேசுகிறது! சாவிதான். கோட்பிளக் போடுகிறவரிடம் அனுப்பியாச்சு, நன்றி தக்கலை அண்ணாச்சி.

மூன்றாவது கேள்விதான் பாக்கி. ஜீப்பில் இருக்கிற 10 வாட் செட்டின் மெனுவில் 'ரிப்பீட்டர்', 'கேட்வே' என்று இரண்டும் காட்டுகிறது. எது வேண்டும்? இரண்டையும் ஒன்றாகப் போட முடியுமா?

---

தக்கலை_அலைவரிசை

இரண்டும் வேறு வேறு வேலை.

ரிப்பீட்டர் டி.எம்.ஓ.வை டி.எம்.ஓ.வுக்கே மறு ஒலிபரப்பு செய்யும். முகட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவனையும் அந்தப் பக்கம் இருப்பவனையும் சேர்க்கும். ஒரே அதிர்வெண்ணில் ஓடும் வகையில், கை செட் ஒரு ஸ்லாட்டில் (நேரத் துண்டில்) பேச, ரிப்பீட்டர் அதை வாங்கி அதே அதிர்வெண்ணின் இன்னொரு ஸ்லாட்டில் திருப்பி விடும். டெட்ராவில் 25 கிலோஹெர்ட்ஸில் நாலு ஸ்லாட் இருப்பதால் இது முடிகிறது. அனுப்புகிற அலையையும் வாங்குகிற அலையையும் பிரிக்கும் டூப்ளெக்ஸர் டப்பா எதுவும் தேவையில்லை. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பேச்சுதான்.

கேட்வே பள்ளத்தில் இருக்கும் டி.எம்.ஓ. குரூப்பை டிரங்கிங்கில் ஒரு குரூப்போடு கோர்க்கும். கண்ட்ரோல் ரூமோடு பேசணும் என்றால் இதுதான். சில செட்டில் இரண்டையும் சேர்த்துப் போடலாம், சிலதில் ஒன்றுதான். உங்கள் செட்டுக்கு என்ன லைசென்ஸ் கீ வாங்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மெனுவில் பெயர் தெரிந்தாலும் கீ இல்லாவிட்டால் உள்ளே போகாது.

ஜீப்பை எங்கே நிறுத்துவது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஒரு காதால் நெட்வொர்க்கைக் கேட்கணும், மறு காதால் பள்ளத்தைக் கேட்கணும். இப்படிப் பாருங்கள்:

முதலில் செட்டை டிரங்கிங்கிலேயே வைத்துக்கொண்டு கீரிப்பாறையிலிருந்து மெதுவாக மேலே வாருங்கள். சிக்னல் அளவு காட்டும் திரையைத் திறந்து வைத்து, −93 டி.பி.எம்.-ஐவிட மோசமாகாத கடைசி இடத்தைக் குறியுங்கள். −103 விளிம்பு, அதிலிருந்து 10 டெசிபல் கையிருப்பு வேண்டும். வண்டி ஓடும்போது பார்க்க வேண்டாம், நிறுத்தி ஒரு நிமிடம் பாருங்கள், ஏறி இறங்கும்.

பெறவு அந்த இடத்திலிருந்து பள்ளத்துக்கு டி.எம்.ஓ. சோதனை. ஒரு ஆள் கை செட்டோடு இறங்கி, 200 மீட்டருக்கு ஒரு தடவை நின்று, 1 முதல் 10 வரை எண்ணட்டும். எத்தனை எண் விழுந்தது என்று ஜீப்பில் இருப்பவர் எழுதணும். இரண்டு பக்கமும் எண்ணிப் பார்க்கணும். ஜீப் 10 வாட், கை செட் 1 வாட், 10 டெசிபல் வித்தியாசம். பள்ளத்தில் இருப்பவனுக்கு ஜீப் நன்றாகக் கேட்கும், ஜீப்புக்கு அவன் கேட்காது. 'கேட்குது கேட்குது' என்று கீழே இருந்து சொல்லிக்கொண்டே இருப்பான், மேலே யாருக்கும் தெரியாது.

கேட்வே போட்டதும் கை செட் திரையில் அதற்கான குறி வரணும். கை செட்டில் 'நேரடி மட்டும்' என்று வைத்திருந்தால் கேட்வேயையோ ரிப்பீட்டரையோ அது சட்டை செய்யாது. தானாகத் தேர்ந்தெடு என்றோ, கேட்வே என்றோ வைக்கணும்.

பி.டி.டி. (பேசுவதற்கான பட்டன்) அமுக்கியதும் பேசாதீர்கள். கேட்வே அந்தப் பக்கம் டிரங்கிங்கில் இடம் கேட்டு வாங்கிய பிறகுதான் அனுமதி பீப் வரும். நேரடியாகப் பேசுவதைவிட இதில் தாமதம் அதிகம். பீப் வருமுன் சொன்ன முதல் வார்த்தை போய்ச் சேராது. 'வேண்டாம் நிறுத்து' என்பதில் 'வேண்டாம்' போய்விட்டால் பரவாயில்லை, 'லைனை ஆஃப் பண்ணலை' என்பதில் ஏதாவது ஒரு முனை போனால் உயிர் போகும். மின்கம்பி வேலைக்கு இது விளையாட்டு இல்லை. கம்பியை அணைத்தாச்சா என்பதை எதிர்முனை திருப்பிச் சொல்லாமல் யாரும் மரத்தில் ஏறக்கூடாது.

ஜீப் பக்கத்தில் யாராவது டிரங்கிங்கில் அதே குரூப்பைத் திறந்து வைத்திருந்தால், அவர் ஸ்பீக்கர் சத்தம் டி.எம்.ஓ. மைக்கில் ஏறி ஊளையிடும். ஜீப்பைச் சுற்றி ஒருவர் செட்டும் டிரங்கிங்கில் இருக்க வேண்டாம்.

---

அசம்பு_ஆன்டெனா

ஜீப் ஆன்டெனா பற்றியும் இரண்டு வார்த்தை. கித்தான் கூரை ஜீப் என்றால் காந்த ஆன்டெனா பிடிக்காது, அடியில் உலோகத் தகடும் இருக்காது. பானெட் மேல் வைத்தால் முன்பக்கம் மட்டும் நன்றாகப் போகும். அதற்குப் பதில் கால் அலை கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா ஒன்று செய்து மரத்தில் தூக்கலாம்: எஸ்.ஓ.239 சாக்கெட், நடுவில் 17.3 சென்டிமீட்டர் செம்புக் கம்பி, நாலு மூலையிலும் கீழ்நோக்கி 45 பாகை சாய்த்து 18 சென்டிமீட்டர் கம்பி. இது 412 மெகாஹெர்ட்ஸுக்கு. வேறு அதிர்வெண் என்றால் 7125-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் நடுக்கம்பி சென்டிமீட்டரில் கிடைக்கும். சில மில்லிமீட்டர் நீளமாக வெட்டி, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (ஆன்டெனா பொருந்துகிறதா என்று காட்டுவது) வைத்து நறுக்கிக்கொண்டே வாருங்கள்.

கேபிளில் கோட்டை விடாதீர்கள். ஆர்.ஜி.58 10 மீட்டர் போட்டால் 400 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 3.5 டெசிபல், பாதிக்கு மேல் சக்தி கேபிளிலேயே சூடாகிப் போகும். ஆர்.ஜி.213 என்றால் ஒன்றரை. தூக்க தங்கூசி போதும், முட்டத்திலோ குளச்சலிலோ எந்த வலைக்கடையிலும் கிடைக்கும். கனமான நரம்பாகப் பார்த்து வாங்குங்கள். இடி மின்னல் நேரத்தில் இறக்கிவிடணும். வனப்பகுதிக்குள் மரத்தில் கட்டுவதற்கு வனத்துறையிடம் முன்பே சொல்லி வைப்பது நல்லது.

இன்ஜினை அணைத்துவிட்டு செட்டை ஓட்டினால் பேட்டரி கணக்கும் வேண்டும். கேட்வே சும்மா இருக்கும்போதும் 'நான் இருக்கேன்' என்று அடிக்கடி அலை விட்டுக்கொண்டே இருக்கும். சராசரி 1 ஆம்பியர் என்று வைத்தால், 45 ஆம்பியர் மணி பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் சுமார் 20 மணி நேரம். உங்கள் செட் எவ்வளவு இழுக்கிறது என்று டி.சி. கிளாம்ப் மீட்டர் வைத்து ஒரு தடவை அளந்துவிடுங்கள்.

---

மார்த்தாண்டம்_டி.எம்.ஆர்

எங்களுக்கு டெட்ரா இல்லை, டி.எம்.ஆர். என்கிற இன்னொரு டிஜிட்டல் ரேடியோ முறை. அதில் இதையே டாக்அரவுண்ட் என்பார்கள். கேள்வியைத் தேடி இங்கே வருகிற டி.எம்.ஆர். ஆட்களுக்காக எழுதுகிறேன்.

டாக்அரவுண்ட் போட்டால் உங்கள் செட் ரிப்பீட்டரின் வெளியீட்டு அதிர்வெண்ணிலேயே பேசவும் செய்யும். கவரேஜுக்கு வெளியே நல்லது. கவரேஜ் எல்லைக்குள் நின்று இதைச் செய்தால் ரிப்பீட்டரைக் கேட்டுக்கொண்டிருக்கும் பக்கத்து ஆள் காதில் மண்ணை அள்ளிப் போடுவதாகும். அதனால் கூடியவரை தனி சிம்ப்ளெக்ஸ் அதிர்வெண் (பேசவும் கேட்கவும் ஒன்றே) வாங்கிப் போடுங்கள். டயர் 3 டிரங்கிங்கில் இருப்பவர்கள் கண்ட்ரோல் சேனல் அதிர்வெண்ணை எக்காரணம் கொண்டும் டாக்அரவுண்டில் போடக்கூடாது. ஒரு செட் அதில் உட்கார்ந்து பேசினால், அந்தப் பகுதியில் இருக்கிறவன் செட் நெட்வொர்க்கைத் தொலைத்துவிடும்.

ஊமை செட்டுக்கு இங்கே பார்க்க வேண்டியவை: கலர் கோட் (0 முதல் 15), டாக்குரூப், குறியாக்கச் சாவி. 12.5 கிலோஹெர்ட்ஸில் ரிப்பீட்டர் இல்லாமலே இரண்டு பேச்சு ஓட்டுகிற இரட்டை நேரடி முறையும் உண்டு. அதில் எல்லா செட்டிலும் அதை ஆன் செய்திருக்கணும், ஸ்லாட்டும் பொருந்தணும். ஒன்றில் ஆன், ஒன்றில் ஆஃப் என்றால் பேச்சு சேராது.

---

குளச்சல்_வி.எச்.எஃப்

செரி, ஒரு சந்தேகம். ஆன்லைனில் 400–470 மெகாஹெர்ட்ஸ் 5 வாட் செட் மலிவாகக் கிடைக்கிறதே, அவசரத்துக்கு அதை 10 வாங்கி ஆட்களுக்குக் கொடுத்தால் என்ன?

---

தக்கலை_அலைவரிசை

கொடுக்கக்கூடாது. லைசென்ஸ் இல்லாமல் வாக்கி டாக்கி பேச இந்த 400–470-க்குள் இந்தியாவில் ஒதுக்கியிருப்பது 446.0–446.2 மெகாஹெர்ட்ஸ் மட்டும்தான். அதற்கும் கருவிக்கு டபிள்யூ.பி.சி.யின் (மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவு) இ.டி.ஏ. என்கிற கருவி வகை ஒப்புதல் சான்று இருக்கணும். முழு பேண்டும் சுற்றுகிற 5 வாட் செட் அந்த விலக்கில் வராது. ஆன்லைன் கடைகளில் இதைச் சட்டவிரோதமாக விற்பதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ல் வழிகாட்டுதலே போட்டுவிட்டது. ஹாம் லைசென்ஸ் இருந்தால் 144–146-ல் சோதனை செய்யலாம், ஆனால் நிறுவன வேலைக்கு அந்த பேண்டைத் தொடக்கூடாது. டி.எம்.ஓ.வுக்கும் இதே விதிதான்: உங்கள் நிறுவன லைசென்ஸில் எழுதியிருக்கும் அதிர்வெண்ணில் மட்டும். கோட்பிளக் போடுகிறவர் காலியாக இருக்கிறது என்று ஒரு எண்ணைத் தட்டி வைத்திருந்தால், மாட்டுவது லைசென்ஸ் வைத்திருப்பவர்.

கரையில் இருப்பவர் என்பதால் சொல்கிறேன், படகு வி.எச்.எஃப். செட்டையும் மலைக்குக் கொண்டு போகாதீர்கள். அது கடலுக்கானது, 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸை ஆபத்தில் இருக்கிற ஒருத்தன் எதிர்பார்த்துக்கொண்டிருப்பான்.

---

குளச்சல்_வி.எச்.எஃப்

படகிலும் செட்டுக்குச் செட் பேசுவதுதானே. ஆன்டெனா 6 மீட்டர் உயரத்தில் இருக்கிற இரண்டு படகுக்கு நடுவே 20 கிலோமீட்டர். இரண்டு ஆன்டெனாவின் மீட்டர் உயரத்துக்கும் தனித்தனியாகச் சதுரமூலம் எடுத்து, கூட்டி, 4.12-ஆல் பெருக்குகிற தொடுவானக் கணக்கு. 25 வாட்டை 50 ஆக்கினாலும் தொடுவானத்தைத் தாண்டாது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த படகைக் கரை வி.எச்.எஃப்.-ஆல் கூப்பிட முடியாமல் போனதும் இந்தக் கணக்கால்தான். நடுவில் இருக்கிற படகு கேட்டுச் சொன்னால்தான் உண்டு.

---

தக்கலை_அலைவரிசை

மலையிலும் அதையேதான் செய்யணும். ஜீப் வராத இடத்துக்கு, முகட்டில் ஒரு ஆளை நிறுத்தி வாயால் திருப்பிச் சொல்ல வைப்பது. அவர் கையில் 2 செட்: ஒன்று டிரங்கிங், ஒன்று டி.எம்.ஓ. இரண்டு மீட்டராவது இடைவெளி விட்டு வைக்கணும், இல்லாவிட்டால் ஒன்று பேசும்போது மற்றதன் ரிசீவர் அடைத்துக்கொள்ளும். கேட்டதைச் சுருக்காமல் அப்படியே சொல்கிற ஆளாகப் பாருங்கள்.

---

மலையோரம்_8

செட் மூன்றும் திரும்பி வந்தது, எஸ்.சி.கே. பதிப்பு ஒன்றாகிவிட்டது. கேட்வே கீயும் ஜீப் செட்டில் இருக்கிறது. பள்ளத்தில் ஒரு வளைவுக்கு அந்தப் பக்கம் மட்டும் ஜீப்புக்குக் கேட்கவில்லை. அங்கே இருக்கும் இருவர் எப்போது பேசுகிறார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் ஒரே நேரத்தில் அமுக்குகிறார்கள், இரண்டு பேச்சும் கெடுகிறது. இதற்கு?

---

தக்கலை_அலைவரிசை

அவர்களும் மற்றவர்களும் ஒருவரை ஒருவர் கேட்க முடியாது, யாருக்கு முறை என்று சொல்ல நெட்வொர்க்கும் இல்லை. செட்டில் மாற்றக்கூடிய அமைப்பு எதுவும் இதைத் தீர்க்காது. வளைவுக்கு அப்பால் இருப்பவர்களை இன்னொரு டி.எம்.ஓ. சேனலுக்கு மாற்றுங்கள், லைசென்ஸில் இருந்தால். இல்லையென்றால் ஒவ்வொரு மணியிலும் 00, 30-ஆவது நிமிடம் என்று நேரம் வைத்து, அந்த 5 நிமிடம் மற்றவர்கள் வாயைத் திறக்காமல் வளைவுக்காரர்கள் கேட்கிற இடத்துக்கு வந்து பேசட்டும். இரண்டு தடவை தொடர்ந்து குரல் வரவில்லை என்றால் ஆளை அனுப்பணும் என்று முன்பே முடிவு செய்துவையுங்கள்.

செட்டின் முதுகில் வெள்ளை டேப் ஒட்டி, நாப் எந்த எண்ணில் இருந்தால் டிரங்கிங், எந்த எண்ணில் இருந்தால் டி.எம்.ஓ. என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள். சாயங்காலம் தடிக்காரன்கோணம் வந்த பிறகும் பாதிப் பேர் டி.எம்.ஓ.விலேயே இருப்பார்கள், கண்ட்ரோல் ரூம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.